இடது பக்கத்து வெயில்

நெத்திலியின் தலையைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளி அப்படியே கீழே இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும், அதில் யோசிக்க ஒன்றுமில்லை, கிள்ள வேண்டியது, இழுக்க வேண்டியது, தலையைச் சிரட்டையிலும் உடம்பைச் சட்டித் தண்ணீரிலும் போட வேண்டியது, கை தன்பாட்டில் செய்துகொண்டே போகும், ஒரு கிலோவில் எத்தனை நெத்திலி இருக்கும் என்று ஜெபக்கனி ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை, ஆனால் இன்றைக்கு எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்பது நாற்பதைத் தாண்டிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நாற்பத்தொன்று. எதற்கு எண்ணுகிறாள். எண்ணாவிட்டால் மனசு காலையில் பார்த்ததிலேயே போய் நிற்கிறது, அதற்காக இருக்கும். அடுப்படிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிப் பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள், முன்வீட்டில் பேசுகிற பேச்செல்லாம் நடைவழியாக வந்து இங்கே விழும், தும்மினால்கூடக் கேட்கும், இந்த வீட்டில் ஒன்றையும் மறைத்துப் பேச முடியாது என்று அத்தை பெருமையாகச் சொல்வாள். அத்தை என்றால் மாமியார், மாமியார் என்றால் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா, சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து எடுத்ததில் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் இரண்டு பக்கமும் சரியாகத்தான் இருக்கும். முன்வீட்டில் பக்கத்து ஊர் எட்வின் அண்ணாச்சி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார், பிளஸ்டூ முடித்த பிள்ளை, பிளெஸ்ஸி என்று பெயர், விமானம் ஓட்டத்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம், இந்தப் பக்கத்தில் விமானம் ஓட்டுகிறவர் என்று இருப்பது தங்கதுரை ஒருவர்தானே, ஜெபக்கனியின் அத்தான், அவள் புருஷன், நேற்றுத்தான் மூன்று நாள் லீவில் சென்னையிலிருந்து வந்திருக்கிறார், ஆளையே பார்த்துக் கேட்டுவிடலாம் என்று வந்துவிட்டார்கள். வந்தவர்களுக்குத்தான் இந்த நெத்திலி. அந்தப் பிள்ளைக்குக் கூச்சம் என்பதே இல்லை, வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்த கையோடு கேட்டுவிட்டது, "அண்ணன், வேலைக்குச் சேந்து எத்தன வருஷத்துல கேப்டன் ஆவலாம்?" என்று, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி, ஜெபக்கனியின் நகம் ஒரு தலையில் பாதி இறங்கியபடி நின்றுபோனது, அவள் ஐந்து வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிற கேள்வியை அந்தப் பிள்ளை எவ்வளவு லேசாகத் தூக்கி நடுவீட்டில் போட்டுவிட்டது.

அத்தான் நன்றாகத்தான் பதில் சொன்னார், அவர் எதையும் நன்றாகத்தான் சொல்வார். இதில் வருஷக் கணக்கு இல்லை, மணிக் கணக்குதான், மணி என்றால் கடிகாரத்து மணி இல்லை, ஆகாயத்தில் இருந்த மணி, ஆயிரத்தைந்நூறு மணி சேர்ந்தால்தான் கேப்டன் லைசென்ஸுக்கு விண்ணப்பம் போடவே முடியும், லைசென்ஸ் கைக்கு வந்தால் மட்டும் போதாது, கம்பெனி கூப்பிட வேண்டும், கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்து, பரிசோதகர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும், பெரிய விமானக் கம்பெனியில் பத்து வருஷம்கூட இழுக்கும், எங்களை மாதிரி விசிறி வைத்த சின்ன விமானத்தில் சீக்கிரம், மூன்று வருஷத்தில் ஆனவனும் உண்டு, எட்டு வருஷம் ஆகியும் வலது பக்கமே உட்கார்ந்திருக்கிறவனும் உண்டு என்றார். அது கெட்டிக்காரத்தனத்தில் இல்லை, ரேஷன் கடை வரிசை மாதிரி, முன்னால் நிற்கிறவன் நகர்ந்தால் பின்னால் நிற்கிறவன் நகர்வான், கம்பெனி புது விமானம் வாங்கினால் வரிசை ஓடும், குத்தகைக்கு எடுத்த விமானத்தைத் திருப்பிக் கொடுத்தால் நின்ற இடத்தில் நிற்கும், நடுவில் வேறு கம்பெனிக்கு மாறினாயோ கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான் என்று சொல்லிச் சிரித்தார். எட்வின் அண்ணாச்சியும் சிரித்தார். ஜெபக்கனிக்கு இதெல்லாம் மனப்பாடம், ரேஷன் கடை உட்பட. எட்டாவதோடு நின்றவள், பெரியவளானதும் போதும் என்று அப்பா நிறுத்திவிட்டார், ஆனால் கல்யாணமான முதல் வாரம் அத்தான் கட்டிலில் இரண்டு தலையணையைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி இது கேப்டன், இது நான் என்று காட்டியதை அவள் எந்தப் பாடத்தையும் படிக்காத கருத்தோடு படித்தாள். இடது தலையணை கேப்டன். வலது தலையணை அத்தான். அவர் பறக்கப் படிப்பதற்காக அப்பா தன் உப்பளத்தைக் கொடுத்ததும், அதற்காகத்தான் எட்டாவது படித்தவளை அவர் கட்டிக்கொண்டார் என்று ஊர் பேசியதும் அவளுக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் தலையணையை நிறுத்திக் காட்டிய மனுஷரிடம் ஊர்ப்பேச்சுக்கு என்ன இடம். கல்யாண வீட்டில் சபைப் போதகர் ஐயரையும் அப்பாவையும் வைத்துக்கொண்டுதான் அவர் சொன்னார், இப்போது நாங்கள் ஆறு கோ-பைலட் ஒரே வீட்டில் அடைந்து கிடக்கிறோம் மாமா, அங்கே குடும்பத்தை வைக்க முடியாது, கேப்டன் ஆனதும் முதல் வேலை வீடு பார்த்துக் கனியைக் கூட்டிக்கொண்டு போவதுதான் என்று. ஐயர் ஆமென் என்றார். அதற்குப் பிறகு அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு தேதிதான், அது எந்த மாதத்தில் இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. சாயங்காலம் போன் வந்தால் இன்றைக்கு எத்தனை மணி என்று கேட்பாள், நாலே கால் என்பார், மூன்று என்பார், அவள் தண்ணீர் இறைத்துக்கொண்டே கூட்டுவாள், அறுநூறு, எண்ணூற்றுப் பத்து, ஷைனி வயிற்றில் இருந்தபோது ஆயிரம், பிள்ளை குப்புற விழுந்தபோது ஆயிரத்து முன்னூறு.

அந்தக் காணிக்கைக் கவர் நினைவுக்கு வந்ததும் கையிலிருந்த மீனைத் தலையோடு சட்டியில் போட்டுவிட்டாள், மூன்று வருஷம் ஆயிற்று, இன்னும் மறக்கவில்லை. ஆயிரத்தைந்நூறு முடிந்த வாரம். மணி முடிந்தால் கேப்டன் என்று அவள் நினைத்துவிட்டாள், விண்ணப்பம் போட வேண்டும், கம்பெனி கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அவர் அதுவரைக்கும் சொல்லவில்லையோ, சொல்லியும் சந்தோஷத்தில் அவள் காதில் ஏறவில்லையோ, கோவிலில் ஸ்தோத்திர காணிக்கைக் கவரில் தன் கையாலேயே எழுதினாள், என் கணவர் தங்கதுரை கேப்டன் ஆனதற்காக ஸ்தோத்திரம் என்று, அவள் கையெழுத்து நன்றாக இருக்கும், பள்ளிக்கூடத்தில் அதற்கு மட்டும்தான் அவளைப் பாராட்டியிருக்கிறார்கள். உபதேசியார் ஒவ்வொரு கவராக எடுத்து வாசித்தார், பேரன் பிறந்ததற்காக, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக, கிணற்றில் தண்ணீர் கண்டதற்காக, பிறகு அத்தான் பெயரை வாசித்தார், சபையே திரும்பிப் பார்த்தது, ஐயர் தனியாக எழுந்து நின்று ஒரு ஜெபம் செய்தார், வெளியே வந்தால் ஆளாளுக்கு அத்தையைக் கட்டிக்கொள்கிறார்கள், அத்தானின் நண்பன் ஒருவன் கோவில் வாசலிலிருந்தே அவருக்குப் போனில் வாழ்த்துச் சொல்லிவிட்டான். அன்றைக்கு அத்தான் போனில் கத்தவில்லை, கத்தியிருந்தால் பரவாயில்லை. "என் வேல எனக்குத் தெரியும் கனி. நீ வாயத் தொறக்காம இருந்தா அதுவே பெரிய ஒத்தாச" என்றார், அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை ஒவ்வொரு வீடாகப் போய் இல்லை, இன்னும் ஆகவில்லை, மருமகள் விவரம் தெரியாமல் எழுதிவிட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தாள், வந்து கனியை ஒன்றும் சொல்லாமல் காலைப் பிடித்துவிடச் சொன்னாள். அதிலிருந்து எத்தனை மணி என்று ஜெபக்கனி கேட்பதில்லை. கேட்காததால் கூட்டுவதும் நின்றுபோனது. அத்தை கேட்பாள், அப்பா கேட்பார், பால்காரர் கேட்பார், அவள் தலையைக் குனிந்துகொள்வாள், கர்த்தருக்குச் சித்தமானால் என்பாள், அவள் வாயிலிருந்து வருகிற நீளமான வாக்கியமே அதுதான் என்றாகிவிட்டது.

நூற்றிருபதா, நூற்றுப்பன்னிரண்டா, எண்ணிக்கை தப்பிவிட்டது, தப்பினால் என்ன. காலையில் அத்தான் தொட்டியில் முகம் கழுவ வந்தார், கடிகாரத்தைக் கழற்றித் தொட்டி மேட்டில் வைத்தார், ஷைனி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவள் அவர் கையைப் பிடித்து இழுத்து, அப்பா வாட்ச்சைக் கழட்டினாலும் வாட்ச் இருக்கு என்று சொல்லிச் சிரித்தாள். இருந்தது. இடது மணிக்கட்டில் பட்டை போட்ட மாதிரி வெளுப்பாக, அதற்கு மேலேயும் கீழேயும் கை கருத்துப்போய், முட்டிக்கு மேல் சட்டைக் கை தொடங்குகிற இடத்தில் கோடு கிழித்த மாதிரி நிறம் மாறி. ஜெபக்கனி துண்டோடு நின்றாள். அவள் அறிந்த கை அது இல்லை. அவள் அறிந்த அத்தானுக்கு வலது கைதான் கருப்பு, வலது காது, வலது பக்கத்துக் கழுத்து, நாலு வருஷமாக, முதல் தடவை கேட்டபோது அவரே சொன்னார், மேலே வெயில் கண்ணாடியை அறுத்துக்கொண்டு வரும், ஜன்னல்பக்கத்துக் கையைத்தான் தின்னும், எந்தக் கை கருத்திருக்கிறது என்று பார்த்தால் கேப்டனா கோ-பைலட்டா என்று சொல்லிவிடலாம் என்று, அப்போது சிரித்துக்கொண்டு அவள் அந்த வலது கையில் தயிரைப் பூசிவிட்டாள். சட்டென்று அவர் துண்டை வாங்கித் துடைத்தார், கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார், வலது கை துண்டுக்கு வெளியே தெரிந்தது, அது வெளிறத் தொடங்கியிருந்தது, முற்றிய கருப்பு இறங்கி மாநிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. எத்தனை மாதத்தில் ஒரு கை வெளிறும். எத்தனை மாதத்தில் ஒரு கை கருக்கும். இல்லை, இப்படியும் இருக்கலாம், வழி மாறியிருக்கலாம், அவள் ஒரு நெத்திலியை விமானமாக நினைத்துத் தட்டில் வைத்தாள், தொட்டி தெற்கு, அடுப்படி வடக்கு, காலையில் சென்னையிலிருந்து தெற்கே வருகிறது விமானம், சூரியன் கிழக்கே, இடது பக்கம், ஆமாம், இடது பக்கம்தான் வெயில், அவளுக்கு ஒரு கணம் நெஞ்சு லேசாயிற்று, பிறகு மீனைத் திருப்பி வைத்தாள், இறக்கி ஏற்றிக்கொண்டு உடனே வடக்கே போகிறதே, அப்போது கிழக்கு வலது பக்கம். சாயங்காலம் வரும்போது மேற்கு வலது பக்கம், போகும்போது இடது பக்கம். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் வெயில் இரண்டு பக்கத்துக்கும் சரிபாதிதான் விழுகிறது, எந்த ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருக்கிறாரோ அந்தக் கைதான் கருக்கும், அதே வழியில்தான் நாலு வருஷமும் வலது கை கருத்தது. மீனை எடுத்துத் தலையைக் கிள்ளினாள். எட்டாவது படித்தவளுக்கு இந்தக் கணக்கு வராமல் போயிருக்கலாம், வந்துவிட்டது.

வந்தபிறகு மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகத் தானே வந்து சேர்கிறது, வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. சட்டைகள். முன்பெல்லாம் லீவில் வரும்போது ஐந்தாறு வெள்ளைச் சட்டை கொண்டுவருவார், தோளில் மாட்டுகிற மூன்று கோட்டுப் பட்டையை உருவி எடுத்து வைத்துவிட்டு அவள்தான் துவைப்பாள், நீலம் போட்டு, கழுத்தைத் தனியாகத் தேய்த்து, ஷைனி அந்தப் பட்டையைப் பொம்மைக்குப் போர்த்தித் தூங்க வைப்பாள். தை மாதத்திலிருந்து சட்டை வரவில்லை, அங்கேயே துவைக்கக் கொடுத்துவிடுகிறேன், உனக்கு எதற்குக் கஷ்டம் என்றார், அவர் தன்மேல் இரங்குகிறார் என்று அவள் நினைத்தாள், அத்தையிடம்கூடச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள், கேப்டனுக்குள்ள நாலு கோட்டுப் பட்டை என்றால் உருவி எடுக்கும்போது கைக்குத் தெரிந்துவிடும்தானே. பிறகு பங்குனியில் ஒருநாள் ஷைனிக்குத் தடுப்பூசி போடப் போனபோது. வாகைகுளம் விமான நிலையத்து வேலியை ஒட்டித்தான் ரோடு போகிறது, பஸ்ஸை விட்டு இறங்கிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றாள், அவர் ஏழு மைலுக்கு அந்தப் பக்கம் வந்து இறங்கி இருபத்தைந்து நிமிஷம் நின்றுவிட்டு வீட்டுக்கு வராமலே திரும்பிப் போகிற வேலை, அவள் குறை சொன்னதில்லை, முன்பு இரண்டு மூன்று தடவை வேலிக்கு வந்து பார்த்திருக்கிறாள், வலது பக்கத்துக் கண்ணாடியைப் பார் என்று சொல்லியிருந்தார், கையை அசைப்பார், தூரத்தில் வெள்ளையாக ஏதோ ஆடும், அது போதும். அன்றைக்கு விமானம் திரும்பும்போது வலது பக்கத்துக் கண்ணாடியில் இருந்தது யாரோ, ஒல்லியாக, குனிந்து எதையோ எழுதிக்கொண்டு. ஷைனி கையை ஆட்டி ஆட்டி ஓய்ந்துவிட்டாள். அப்பா இன்றைக்கு வேறு வழியில் போயிருப்பார் என்று அவள் பிள்ளையிடம் சொன்னாள். சாயங்காலம் போனில் அவரே சொன்னார், இன்றைக்கு நம் ஊருக்குத்தான் வந்தேன் என்று. அவள் கண்ணைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டாள். இடது பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, பார்த்திருந்தால், வேண்டாம், பார்க்காததே நல்லது, பிள்ளை பார்த்திருந்தால் வீட்டில் வந்து சொல்லியிருக்கும்.

தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி. ஆறு மாதம். ஆறு மாதமாக அவர் கேப்டன், அவள் கோ-பைலட் பெண்சாதி. முன்வீட்டில் அத்தை வந்தவர்களிடம் கருப்பட்டிக் காபி நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறாள். ஏன் சொல்லவில்லை. எதையாவது சொல்லி மனசைத் தேற்றிக்கொள்ளலாம், அந்தக் கவர் மாதிரி மறுபடியும் ஊரெல்லாம் கொட்டு அடித்துவிடுவார்கள் என்று பயந்திருக்கலாம், வீடு பார்த்துவிட்டு ஒரேயடியாகச் சொல்லலாம் என்று இருக்கலாம், ஆமாம், அப்படி இருந்தால், அப்படி இருந்தால் ஆறு மாதமாகவா ஒரு வீடு கிடைக்கவில்லை சென்னையில். ஒளித்து வைத்த பெண் எவளாவது இருப்பாள் என்று நினைத்துப் பார்த்தாள், முகம் ஒன்றும் வரவில்லை, வந்தால்கூட ஆத்திரப்படலாம், அழலாம், அப்பாவைக் கூப்பிடலாம். வருகிற முகம் அவளுடையதேதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனார், கம்பெனி ஆண்டு விழா, பெரிய ஓட்டல், குளிரில் அவளுக்குப் பல் கிட்டியது, பட்டுச்சேலையில் வந்தவள் அவள் ஒருத்திதான், கையில் ஒரு தட்டு, அதில் என்னவென்று தெரியாத ஒரு பண்டம், அதைக் கடித்துவிட்டு மென்று முழுங்குவதற்குள் ஒரு கேப்டனின் மனைவி வந்து இங்கிலீஷில் எதுவோ கேட்டாள், கெட்ட பொம்பளை இல்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஜெபக்கனி வாயில் பண்டத்தோடு நின்றாள், அந்த அம்மா திரும்பவும் கேட்டாள், ஜெபக்கனிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அத்தான் எங்கிருந்தோ வேகமாக வந்தார், வந்து அந்த அம்மாவிடம் தமிழில் சொன்னார், "இவங்க எங்க மாமா பொண்ணு, ஊர்லருந்து வந்திருக்காங்க." பொய்யில்லை. ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. மாமா பெண்தான், ஊரிலிருந்துதான் வந்திருக்கிறாள். அந்த அம்மா ஓ என்று சொல்லி அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். திரும்பி வரும்போது ரயிலில் அவர் முறுக்கு வாங்கிக் கொடுத்தார், ஜன்னல்பக்கம் உட்கார வைத்தார். அப்போதே தெரிந்திருக்க வேண்டும், தெரிந்துதான் இருந்தது, கேப்டன் ஆகிற வரைக்கும் என்று ஒரு வார்த்தை நடுவில் நின்றதால் தெரியாத மாதிரி இருந்தது. அந்த வார்த்தைதான் இத்தனை நாள் அவரைக் காப்பாற்றியது, இவளையும் காப்பாற்றியது, கேப்டன் ஆகவில்லை என்றால் கூட்டிக்கொண்டு போகாததற்கு ஒரு காரணம் இருக்கிறது, வரிசை நகரவில்லை, கம்பெனி விமானத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது, யார்மேலும் குற்றமில்லை. அவர் ஆகிவிட்டார். இனி காரணம் இவள்தான்.

பூனை சிரட்டைப் பக்கம் வந்தது, விரட்டவும் தோன்றவில்லை, இரண்டு தலையைத் தூக்கி எறிந்தாள். கேட்டுவிட்டால் என்ன. இன்றைக்கு, பிள்ளை தூங்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து, அத்தான், உங்கள் இடது கை கருத்திருக்கிறது என்று மட்டும். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம், அவருக்குப் புரியும். புரிந்தால் என்ன செய்வார். ஒத்துக்கொண்டால் அடுத்த நாளே அப்பாவுக்குத் தெரியும், அப்பா ஐயரையும் கூட்டிக்கொண்டு வந்து உட்காருவார், மாப்பிள்ளை சொன்ன சொல் என்று தொடங்குவார், அத்தான் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும், அந்த வீட்டில், நாலாவது மாடியோ அஞ்சாவது மாடியோ, கதவைத் திறந்து உள்ளே வந்து மாமா பெண்ணைப் பார்க்கிற ஒருவருக்குத் தினமும் சோறு போட்டுக்கொண்டு. ஒத்துக்கொள்ளாமல் இல்லை என்று சொன்னால் அது பொய் என்று தெரிந்துகொண்டு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கேட்காமல் இருந்தால் இப்படியே இருக்கலாம், நெத்திலி, தண்ணீர்த் தொட்டி, சாயங்காலப் போன். கேட்டாலும் ஒன்றும் இல்லை, கேட்காவிட்டாலும் ஒன்றும் இல்லை, சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்கே வந்து நிற்கிறது, செக்குமாடு மாதிரி, அதற்காவது எண்ணெய் உண்டு. முன்வீட்டில் அந்தப் பிள்ளை விடவில்லை, அதற்கு வாய் இருக்கிறது, நல்ல பிள்ளை, அது போகும், மேலே போகும். "அப்ப நீங்க எப்ப அண்ணன் கேப்டன் ஆவிய? ஆறு வருஷம் ஆயிட்டுல்லா" என்று கேட்டது. ஜெபக்கனி கையைச் சட்டிக்குள் விட்டபடி இருந்தாள், தண்ணீர் குளிர்ந்து கிடந்தது, செதிலெல்லாம் மினுங்கிக்கொண்டு விரலைச் சுற்றி மிதந்தது, உள்ளுக்குள் ஏதோ ஒன்று, வெட்கம் கெட்ட ஒன்று, இன்னும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது, இப்போது சொல்லிவிடுவார், பக்கத்து ஊர்ப் பிள்ளை கேட்டதற்காகவாவது சிரித்துக்கொண்டே ஆகியாச்சு என்று சொல்லிவிடுவார் என்று. அவர் இருமினார். தம்ளரைக் கீழே வைத்தார், அந்தச் சத்தம் கேட்டது.

"எனக்கு முன்னால பன்னெண்டு பேர் நிக்காங்கம்மா. இன்னும் ரெண்டு வருஷம் ஆவும்" என்றார்.

ரெண்டு வருஷம். எவ்வளவு சுலபமாக வந்தது, யோசித்து வைத்திருந்த மாதிரி, பன்னிரண்டு பேரும் பெயரோடு வரிசையில் நிற்கிற மாதிரி. எட்வின் அண்ணாச்சி உச்சுக்கொட்டினார், கிடைக்கிற காலத்தில் கிடைக்கும் தம்பி என்றார். ரெண்டு வருஷம் கழித்து மறுபடியும் ரெண்டு வருஷம் என்று சொல்லலாம், ஷைனி பள்ளிக்கூடம் போவாள், இங்கிலீஷ் படிப்பாள், ஒருநாள் அதுவே கூட்டிச் சொல்லும், அப்பா கேப்டன் என்று, அதற்குள் அதையும் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்ளப் பழக்கிவிட வேண்டும் என்று நினைத்து, நினைத்ததற்காக ஜெபக்கனி தன்னைத்தானே வெறுத்தாள். வரிசையில் தானும்தான் நிற்கிறாள், அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, தனக்கு முன்னால் ஒருவரும் இல்லை, கடை திறந்திருக்கிறது, உள்ளே ஆள் இருக்கிறது, இருந்தும் நகரவில்லை. அத்தை பேச ஆரம்பித்தாள், சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு ஜெபம் பண்ணிவிடுவோம், பிள்ளைக்கு நல்ல இடத்தில் படிப்புக் கிடைக்க வேண்டும், எங்கள் தொரைக்கும் அந்தப் பன்னிரண்டு பேரையும் கர்த்தர் நகர்த்தி வைக்க வேண்டும் என்றாள், கனிதான் ஜெபம் பண்ண வேண்டும், புருஷனுக்குப் பெண்சாதி கேட்டால்தான் வானத்துக்கு ஏறும் என்றாள். அத்தான் வேகமாக, வேண்டாம்மா, அவள் மீன் வேலையில் இருக்கிறாள், அவளுக்குச் சத்தமாக ஜெபம் பண்ணவெல்லாம் வராது, நீங்களே பண்ணுங்கள் என்றார். அந்தக் குரல். அவள் தலையைத் தூக்கினாள். அந்தக் குரலில் இருந்தது இரக்கம் இல்லை, சலிப்பும் இல்லை, அது பயம், ஆகாயத்தில் பயப்படாத மனுஷர் பயப்படுகிறார், அவள் என்ன சொல்லிவிடுவாளோ என்று, அப்படியானால் காலையில் துண்டு வாங்கும்போது அவரும் பார்த்திருக்கிறார், அவள் பார்த்ததை அவர் பார்த்திருக்கிறார். வராதா, அதெல்லாம் வரும் என்றாள் அத்தை. நாற்காலி நகர்கிற சத்தம், பாய் விரிக்கிற சத்தம். ஜெபக்கனி கையைக் கழுவினாள், உப்புப் போட்டுத் தேய்த்தாள், புளி போட்டுத் தேய்த்தாள், கவிச்சி போகவில்லை, என்ன சொல்வது, கண்ணை மூடிக்கொண்டு எல்லோரும் இருப்பார்கள், யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, ஒரே ஒரு வாக்கியம், அதைச் சொல்லும் தைரியம் அவளுக்கு வராது என்று அவளுக்கே தெரியும், அவருக்குத்தான் தெரியவில்லை, பாவம், வீணாகப் பயப்படுகிறார், அவள் சொல்லப்போவது அத்தை எதிர்பார்ப்பதைத்தான், ஆண்டவரே என் புருஷனை உயர்த்தும், சீக்கிரம் கேப்டன் ஆக்கும் என்றுதான், கொடுத்து முடித்ததையே திரும்பக் கேட்டால் கர்த்தர் என்ன நினைப்பார், அவருக்குத் தெரியும், அத்தானுக்குத் தெரியும், இவளுக்குத் தெரியும், தெரிந்த மூன்றுபேரும் தெரியாத மூன்றுபேருக்கு நடுவில் இருந்துகொண்டு, முடிக்கிறபோது எல்லோரும் ஆமென் சொல்வார்கள், அவரும் சொல்லியாக வேண்டும், அந்த ஒரு சொல்லை மட்டும் அவள் காதைக் கொடுத்துக் கேட்பாள், அதிலாவது அவர் குரல் கொஞ்சம் உடைந்தால், ஒரு இம்மி உடைந்தால்கூடப் போதும், அதை வைத்துக்கொண்டு அவள் இன்னும் ரெண்டு வருஷம் இல்லை எத்தனை வருஷம் வேண்டுமானாலும், ஆனால் உடையாமல், எப்போதும் சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டால், அப்புறம் அவள்

"ஏளா கனி, எல்லாரும் முழங்கால்ல நிக்கோம்லா, வா."